கைது இரண்டெழுத்து, உரிமை மூன்றெழுத்து!

கைது என்பது இரண்டெழுத்து. பிணை என்பதும் இரண்டெழுத்து. ஆனால் அந்த இரண்டெழுத்துக்கும் இந்த இரண்டெழுத்துக்கும் இடையிலே எத்தனை ஏழை வீட்டு அடுப்புகள் அணைந்தன, எத்தனை தாய்மார்களின் தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்கு நடந்தன, எத்தனை இளைஞர்களின் எலும்புகள் நொறுங்கின! கணக்கெடுத்தவர் யார்? அந்த இடைவெளியைக் கடக்க ஒரு பாலம் உண்டு. அது மூன்றெழுத்து. உரிமை! பாலம் இருக்கிறது, தோழர்களே! அது இருப்பதே தெரியாமல் ஆற்றிலே இறங்கி அடித்துச் செல்லப்படுகிறவர்கள்தாம் நம்மிலே அதிகம்.

தாம்பரத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் மாநகராட்சி ஆயிற்று. 2022 ஜனவரி 1-ஆம் நாள் தனிப் போலீஸ் கமிஷனரேட் பிறந்தது. பல்லாவரத்துத் தோல் தொழிலாளி, அனகாபுத்தூர் நெசவாளி, சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்கு விடியுமுன் ஓடுகிற பெண், முடிச்சூரிலே சாரத்தில் ஏறுகிற கொத்தனார், பெருங்களத்தூரில் பேருந்துக்கு நிற்கிற மாணவன் என்று உழைத்து வாழ்கிற மக்கள் நெருங்கி வாழும் வட்டாரம் இது. இவர்களுக்குக் காவல் நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதன் வாசற்படியைத் தாண்டிய பின் தங்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

தெரியாமல் போனால் என்ன ஆகும்? ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

2022 டிசம்பர் இறுதி. தாம்பரத்துச் சிறுவன் ஒருவன். வயது 17. இரயில்வேக்குச் சொந்தமான பேட்டரிகளைத் திருடினான் என்று குற்றச்சாட்டு. இரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தது. செங்கற்பட்டிலே உள்ள அரசுச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஆண்டு முடிகிற நாளான டிசம்பர் 31 அன்று அவன் வாழ்வும் முடிந்தது! ஊரெல்லாம் புத்தாண்டுக் கோலத்துக்குப் பொடி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் தன் மகனின் சடலத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். பின்னர் அது கொலை வழக்காயிற்று. 2023 ஜனவரியில் அந்த இல்லத்தைச் சேர்ந்த 6 பேர் கைது செய்யப்பட்டனர். சிறுவர் இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு அவர்களின் தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது.

"இது கழக ஆட்சியிலே நடந்ததாயிற்றே, கழக ஏட்டிலே எழுதலாமா?" என்று கேட்கக்கூடும் சிலர். எழுதத்தான் வேண்டும்! ஆட்சி யாருடையது என்று பார்த்துச் சிந்துகிற கண்ணீர், கண்ணீரல்ல, கணக்கு. 2020-லே சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராசும் மகன் பென்னிக்சும் மாண்டபோது கொதித்தெழுந்த நாம், 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் மாண்டபோது மௌனம் காத்தால், அந்த மௌனம் நம்மையே சுடும். லத்திக்குக் கொடியும் கிடையாது, கட்சியும் கிடையாது. அதனிடம் பேசக்கூடியது சட்டம் ஒன்றுதான்.

"திருடனுக்கு என்னய்யா உரிமை?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். பொருளைப் பறிகொடுத்தவன் வயிறு எரியும். அதை நாம் மறுக்கவில்லை. குற்றவாளியைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கிற காவலர் நம் வீட்டுப் பிள்ளைதான். அவர் கடமையைச் செய்யட்டும். ஆனால் திருடினானா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டியவர் நீதிபதி. திருடினான் என்றே தீர்ந்தாலும், சாதாரணத் திருட்டுக்குச் சட்டம் வைத்திருக்கிற உச்சத் தண்டனை 3 ஆண்டு. மரணமா வைத்திருக்கிறது? சட்டப் புத்தகத்தில் 3 ஆண்டு என்று எழுதி வைத்துவிட்டு, நான்கு சுவருக்குள்ளே உயிரை எடுத்தால், குற்றவாளி யார்? நாடு சிந்திக்கட்டும்.

இனி உரிமைக்கு வருவோம்.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' வந்திருக்கிறது. பெயரைப் பார்த்தீர்களா! தன் கையிலே விலங்கு பூட்டுகிற சட்டத்தின் பெயரைத் தாம்பரத்துத் தாய் தன் வாயால் சொல்ல முடியாது. அதிலும் இந்தி நுழைந்துவிட்டது! பெயர் மாறியதே தவிர, அடிப்படையான உரிமைகள் அழியவில்லை. அவை அரசியல் சட்டத்தின் 20, 21, 22-ஆம் பிரிவுகளில் வேரோடியவை. புதுச் சட்டத்தில் எண்கள்தாம் மாறியிருக்கின்றன. இங்கே சொல்கிற எண்கள் புதிய எண்கள்.

முதற்படி, "சும்மா விசாரிக்கத்தான், வந்துட்டுப் போ" என்கிற அழைப்பு. இந்தச் 'சும்மா'விலேதான் பெரும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. திருப்புவனத்து அஜித்குமாரை அழைத்துச் சென்றதும் விசாரணை என்ற பெயரில்தான். சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் எழுத்து மூலம் அழைப்பாணை தர வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்டோரையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேதான் விசாரிக்க வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும், 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய வழக்கென்றால், உடனே விலங்கு பூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 35-ஆம் பிரிவின்படி நோட்டீசு அனுப்பி வரவழைக்கலாம். கைது தேவை என்றால் ஏன் தேவை என்பதை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். எந்திரம் போலக் கைது செய்யாதே என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ்குமார் வழக்கிலே ஓங்கிச் சொன்னது. நோட்டீசு வந்தால் மதித்துப் போக வேண்டும். போகாமல் ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். போகும்போது நகல் ஒன்றை வீட்டிலே வைத்துவிட்டு, வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டாம் படி, கைது. பிடிப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். தாம்பரம் இரயில் நிலையத்திலே இரண்டு காக்கிகள் உண்டு. இரயில்வே பாதுகாப்புப் படை ஒன்றிய அரசினுடையது; இரயில்வே போலீஸ் மாநில அரசினுடையது. வெளியே வந்தால் தாம்பரம் மாநகரப் போலீஸ். யார் பிடித்தார்கள் என்று தெரியாத தாய், மூன்று வாசலிலும் மாறி மாறி நின்று ஓர் இரவைத் தொலைத்துவிடுவாள். அந்த ஓர் இரவு, உயிரின் விலை!

பிடிப்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதிலே குடும்பத்தாரோ, அந்த வட்டாரத்து மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். பெண்ணென்றால், விதிவிலக்கான நிலைமை தவிர, சூரியன் மறைந்தபின் உதிக்கும்வரை கைது கூடாது. அப்படிப்பட்ட நிலைமையிலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரிதான் வர வேண்டும்.

இவையெல்லாம் எப்படி வந்தன தெரியுமா? 1986-இல் வங்காளத்துச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே.பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 1996 டிசம்பரில் 11 கட்டளைகள் பிறந்தன. ஒரு கடிதம்! பத்தாண்டுப் பொறுமை! இன்று சட்டமாகவே நிற்கிறது.

எதற்காகக் கைது என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி. காதிலே ஏதோ முணுமுணுத்துவிட்டு, "சொல்லிவிட்டேன்" என்று எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்திலே தர வேண்டும். கைதானவருக்குப் புரிகிற மொழியிலே தர வேண்டும். அந்த நேரத்தில் எழுத முடியாத நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்திலே கொடுத்துவிட வேண்டும். தவறினால் கைதே சட்டவிரோதம் என்பது தீர்ப்பு. புரிகிற மொழி! தாய்மொழிக்காக இத்தனை ஆண்டு நாம் போராடியது மேடை அலங்காரத்துக்கா? தமிழனின் கைதுத் தாளிலே தமிழ் இருக்க வேண்டும் என்பதும் மொழிப்போரின் மிச்சம்தான். கேட்டு வாங்குங்கள்!

மூன்றாம் படி, நிலையத்துக்குள்ளே. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பெயர், முகவரியை உண்மையாகச் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள் என்றால் மௌனம் உங்கள் கேடயம். போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவேதான் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கத் துடிப்பார்கள் சிலர். எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை 38-ஆம் பிரிவிலே இருக்கிறது. விசாரணை முழுவதும் அவர் பக்கத்திலே உட்கார முடியாது, இடையிடையே சந்திக்கலாம். அதுவே போதும். வெளியிலே ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் உள்ளே ஓங்கிய கை ஒரு கணம் தயங்கும்.

கைதானவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறது 53-ஆம் பிரிவு. பலர் இதை வெறும் சடங்கு என்று நினைத்து, "ஒன்றுமில்லை" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அங்கேதான் வழக்கே தோற்கிறது! அடிபட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எங்கே வலி, எப்போது விழுந்த அடி என்று சொல்லுங்கள். எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்குமாறு நீதிமன்றத்தில் உடனே மனுச் செய்யலாம்.

நான்காம் படிதான் முதன்மையானது: 24 மணி நேரம்! பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். தாம்பரம் கமிஷனரேட் ஒன்றே. ஆனால் அதன் எல்லை ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியதல்ல. தாம்பரம், பல்லாவரம் செங்கற்பட்டு மாவட்டம். சோமங்கலம், மணிமங்கலம் காஞ்சிபுரம் மாவட்டம். ஆகவே எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டு போகிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, அங்கே குடும்பத்தார் முன்கூட்டியே போய் நில்லுங்கள். மாஜிஸ்திரேட் கேட்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள். அடித்தார்கள் என்றால் அடித்தார்கள் என்று சொல்லுங்கள். சாத்தான்குளத்திலே காயங்களோடு இருந்த இருவர் ரிமாண்டு செய்யப்பட்டார்கள், கோவில்பட்டிக் கிளைச்சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போனார்கள், பிணமாகத் திரும்பினார்கள். நீதிமன்றத்தின் கண் மூடியிருந்தால் அதைத் திறக்க வேண்டியது வழக்கறிஞரின் நாக்கு.

வழக்கறிஞருக்குப் பணம் ஏது என்பீர்கள். பணம் வேண்டாம்! 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். காவலில் இருப்பவர், பெண், குழந்தை, தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. செங்கற்பட்டிலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் உரியது. இது பிச்சையல்ல. 1979-80-களிலே பீகார்ச் சிறைகளில் வாடிய ஏழைகளின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய உரிமை.

ஐந்தாம் படி, பிணை. ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் பிணை உரிமை. நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் அவரை ஏழை என்று கொண்டு, சொந்தப் பிணையில் விட வேண்டும். ஜாமீனில் விடத்தகாத குற்றமென்றால் முதலில் மாஜிஸ்திரேட். அங்கே மறுத்தால் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம். அங்கும் மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றம். கைதாவோம் என்ற அச்சம் இருந்தால் முன்ஜாமீனுக்கு 482-ஆம் பிரிவு. ஒரு கதவு மூடினால் உலகமே மூடிவிட்டதாக எண்ணி மூலையில் உட்காராதீர்கள்.

நாட்களை எண்ணுங்கள்! 60 நாளுக்குள், மரணத் தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை கட்டாயம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61-ஆம் நாள் மனுப் போடாமல் தூங்கிவிட்டு, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், உரிமை ஓடிவிடும். விசாரணைக் கைதியாகவே உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்துவிட்டவரை விடுவிக்கச் சொல்கிறது 479-ஆம் பிரிவு. முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவரென்றால் மூன்றிலொரு பங்கே போதும். மரணத் தண்டனை, ஆயுள் தண்டனை வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்போருக்கும் இது பொருந்தாது.

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாருக்குப் பிணை கிடைத்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணனோ தம்பியோ கொடுக்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதே என்று தள்ளினார். கொத்தனாரிடம் பத்தாயிரமா என்று வெகுண்டு அந்த ஆணையை உடைத்தார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். அந்தத் தீர்ப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. பிணை கிடைத்து ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே ஆராயலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குண்டர் சட்டம் வேறு. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டப்படி பிறப்பிக்கும் தடுப்புக் காவலை ஜாமீன் மனுவால் உடைக்க முடியாது. காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும். அரசுக்கு முறையீடு அனுப்ப வேண்டும். அறிவுரைக் குழுமம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனு இருக்கிறது.

இப்போது அந்தச் சிறுவனுக்குத் திரும்புவோம். 18 வயது நிறையாதவனுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனிக்கவசம் தந்திருக்கிறது. லாக்கப்பில் வைக்கக்கூடாது. சிறையில் அடைக்கக்கூடாது. விலங்கு பூட்டக்கூடாது. குழந்தைநலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடத்தகாத குற்றமென்றாலும் பிணையே விதி. வெளியே விட்டால் கொடியவர்களோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து, நீதி குலையும் என்ற காரணங்கள் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அதையும் எழுதியே மறுக்க வேண்டும். வயதுக்குச் சான்று பள்ளிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். தாய்மார்களே! அந்த இரண்டு தாள்களும் வீட்டிலே எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று இன்றிரவே பார்த்து வையுங்கள். ரேஷன் கார்டைப் போற்றுவதுபோல் போற்றுங்கள்.

சட்டம் இத்தனை சொல்லியும் ஒரு பிள்ளை இரண்டொரு நாளில் பிணமானான் என்றால், சட்டம் ஏட்டிலே இருந்தது, ஏழையின் கையிலே இல்லை என்றுதானே பொருள்?

செங்கற்பட்டு என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு! நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சென்னை மத்திய சிறையிலே கழகத் தோழர்கள் மீது தடிகள் பாய்ந்தபோது, இளைஞர் ஸ்டாலின் மீது விழவிருந்த அடிகளைத் தன் உடலிலே தாங்கிய மாவீரர். 1977 ஜனவரியில் அவர் உயிர் பிரிந்தது. சென்னை மேயராக இருந்தவர், மக்களின் பிரதிநிதி; அவருக்கே அந்தக் கதி! ஆட்கொணர்வு மனு கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரலில் கைவிரித்த காலம் அது. பின்னர் 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் உயிருரிமையைப் பறிக்க முடியாது என்று வேலி போட்டது. அந்த வேலிக்கு நம் தோழனின் இரத்தமும் ஊற்றப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னே, 1939-இல், மொழிக்காகச் சிறை புகுந்த நடராசனும் தாளமுத்துவும் உயிரோடு வீடு திரும்பவில்லை. சிறையைத் தியாகத்தால் அறிந்த இயக்கம் இது. அந்த இயக்கம், யாரோ ஒரு பேட்டரித் திருட்டுப் பையன் என்று ஒதுங்கிப் போகலாமா?

1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராசாக்கண்ணு என்ற பழங்குடித் தோழன் மாண்டான். அவன் மனைவி பார்வதி படித்தவரல்லர், பணம் படைத்தவரல்லர். ஆனால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்தாம் பின்னாளில் நீதிபதியாகிய சந்துரு! நீதி கிடைக்க 2006 வரை காத்திருந்தார் அந்த அம்மையார். கிடைத்தது. கிடைக்குமா என்று உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்காது.

ஆகவே தோழர்களே, ஒரு வேலை சொல்கிறேன். இரும்புலியூரிலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பம்மலிலும் நமக்குப் படிப்பகங்கள் உண்டு, மன்றங்கள் உண்டு. அங்கே சுவரிலே ஒரு பலகை மாட்டுங்கள். அதிலே ஐந்து வரி எழுதுங்கள்: யார் பிடித்தது என்று கேள். காரணத்தைத் தமிழில் எழுதி வாங்கு. வெற்றுத் தாளில் கையெழுத்திடாதே. மருத்துவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் உண்மையைச் சொல். 15100-க்குப் பேசு. அதற்குக் கீழே, இரவு எந்நேரமும் அழைத்தால் வரக்கூடிய உள்ளூர் வழக்கறிஞர் இருவரின் பெயரையும் அவர்கள் இசைவோடு எழுதுங்கள். கூட்டம் போட்டுக் கைதட்டு வாங்குவதைவிட இந்தப் பலகை பெரிய தொண்டு.

காவல் நிலையத்தின் படியேறுகிற தாய் கைகூப்பிக் கெஞ்ச வேண்டியதில்லை. கையிலே பள்ளிச் சான்றிதழ், பக்கத்திலே வழக்கறிஞர், வாயிலே நல்ல தமிழ், இவை மூன்றும் இருந்தால் போதும். "ஐயா, என் மகனை எதற்காகப் பிடித்தீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்று அவள் கேட்கட்டும். அந்தக் குரல் தாம்பரத்தின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் எழட்டும்!